திங்கட்கிழமை என்னும் காட்டு விலங்கு

வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் அவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஊருக்குப் போகிறவர்கள் கட்டைப்பையும் சூட்கேஸுமாக நிற்பார்கள். இவர்கள் முதுகில் மட்டும், தலைக்கு மேல் அரை அடி துருத்திக்கொண்டு ஒரு பை. பைக்குக் கீழே சுருட்டிக் கட்டிய பாய். காலில் இன்னும் மண் படாத ஷூ. மறுநாள் காலை போடிநாயக்கனூரில் இறங்குவார்கள். ஒரு டீ, நாலு இட்லி, வாடகை ஜீப். அரை மணி நேரத்தில் குரங்கணி. ராத்திரித் தூக்கம் என்பது பஸ் இருக்கையில் கழுத்து சாய்ந்த மூன்று மணி நேரம்தான். சனிக்கிழமை ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை இறக்கம். ஞாயிறு இரவு மறுபடி பஸ். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் விரல் ரேகை வைத்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் மழைக்கு இடமில்லை. யாருக்காவது கால் பிசகினால் உட்கார்ந்து தேய்த்துவிட அரை மணி நேரம் இல்லை. முன்னால் யானை நின்றால், அது சாவகாசமாக மூங்கில் தின்று முடித்துப் போகும்வரை காத்திருக்கவும் நேரமில்லை. மலைக்குப் போகிறவர்கள் யானைக்குப் பயப்படுகிறார்கள், பாம்புக்குப் பயப்படுகிறார்கள், பாவம் அட்டைக்குக்கூடப் பயப்படுகிறார்கள். இருபது வருடமாக மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்கிய பழக்கத்தில் சொல்கிறேன்: அந்தக் காட்டில் நான் பார்த்த மோசமான மிருகம் திங்கட்கிழமைதான். அது நம்மோடு பஸ் ஏறித்தான் வருகிறது.

ஒரு ஞாயிறு மதியம்

2018 மார்ச் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து வந்த ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழு. சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீயில் சிக்கினார்கள். சம்பவ இடத்தில் இறந்தவர்களும், பிறகு மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறந்தவர்களுமாக 23 உயிர்கள் போயின. தீ துரத்தியதில் பள்ளத்தில் விழுந்து மாட்டியவர்கள் பலர். தகவல் தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். வெந்த உடம்புகளைப் போர்வையில் ஏந்தித் தோளில் சுமந்து இருட்டில் இறங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன.

அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது, ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா விசாரித்தார். அனுமதி வாங்கிய பாதை ஒன்று, போன பாதை வேறொன்று என்று அப்போதே பேசப்பட்டது. அந்த வழக்கை இங்கே மறுபடி நடத்துவது என் வேலையில்லை. அந்தச் சரிவில் தீ எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் மலையேறும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தீ நம்மைப் போல் இல்லை. நாம் ஏற்றத்தில் திணறுவோம், இறக்கத்தில் ஓடுவோம். தீக்கு நேர்மாறு. சமதரையில் ஜ்வாலை மேல்நோக்கி எழுந்து வீணாகிறது. சரிவிலோ அந்த ஜ்வாலை மேலே இருக்கும் புல்லின் மீதே சாய்ந்து படுக்கிறது. தீ வந்து சேரும் முன்பே புல் காய்ந்து, சூடேறி, பற்றத் தயாராக இருக்கும். சரிவு பத்து பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மாசியிலும் பங்குனியிலும் அங்கே நிற்பது ஆள் உயரப் புல், சருகாகக் காய்ந்து. கீழே தீயைப் பார்த்ததும் மேலே ஓடத்தான் எவருக்கும் தோன்றும். தீ ஜெயிக்கிற பந்தயம் அது ஒன்றுதான். இரண்டு சரிவுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய ஓடைப்பள்ளம் ஒளிய நல்ல இடம் போலத் தெரியும்; அதுவோ அடுப்பின் புகைபோக்கி மாதிரி, சூட்டையும் புகையையும் தன் வழியாகவே இழுக்கும்.

அப்படியானால் எங்கே போவது? பக்கவாட்டில், முடிந்தால் கீழ்நோக்கி. எரிய எதுவும் இல்லாத இடத்துக்கு. வெற்றுப்பாறை, அகலமான ஜீப் தடம், தேயிலைத் தோட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்கெனவே எரிந்து கரியான நிலம். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களையே புல் தீ ஒன்று துரத்தியது. 13 பேர் இறந்தார்கள். குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் விசித்திரமான ஒரு காரியம் செய்தார். ஓடுவதை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீக்குச்சி கிழித்துப் போட்டார். அது எரிந்து முன்னேறியதும் அந்தச் சாம்பலுக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கூட வந்தவர்களை அழைத்தும் யாரும் வரவில்லை. ஆசாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் காட்டில் தீ வைக்கக் கிளம்ப வேண்டாம். எரிந்த இடம் மறுபடி எரியாது என்கிற ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு விஷயம், உடை. மலையேற்றக் கடைகளில் விற்கும் பாலியஸ்டர் சட்டை வியர்வைக்கும் மழைக்கும் அருமையானது. ஆனால் தீயின் முன் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீக்காலத்தில் காட்டோர வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர் பருத்தியில்தான் இருப்பார். ஒரே உடை எல்லாவற்றுக்கும் உதவாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை, 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறைப்படி திறந்தது. இணையத்தில் பதிவு, சுலபம் - நடுத்தரம் - கடினம் என்ற தரம்பிரிப்பு, பயிற்சி பெற்ற பழங்குடி மற்றும் உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக. அந்தப் பட்டியலில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் இருக்கிறது. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். "லீவு கிடைக்கிறப்பதான் மூடறாங்க" என்று நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் அதிகம் என்று நானும் முணுமுணுத்தவன்தான். ஆனாலும் தெரியாத காட்டில் ஓர் உள்ளூர்க்காரர் முன்னால் நடப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் கடையில் விற்பதில்லை. அவர் காலையில் கிடக்கும் யானைப் பிண்டத்தைக் காலால் உடைத்துப் பார்த்து, நேற்றையதா இன்றையதா என்று சொல்வார். காற்றில் ஒரு வாசனை மாறினால் நின்றுவிடுவார். நாம் அந்த நேரத்தில் செல்ஃபிக்குக் கோணம் பார்த்துக்கொண்டிருப்போம்.

இருட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் உலகம் முழுக்க மலையேறுகிறவர்கள் அதைத்தான் புரட்டிப் புரட்டிப் பயன்படுத்துகிறார்கள். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது ஸ்காட்லாந்தில் தினமும் மலையேறுகிற கட்டுமஸ்தான ஆளுக்கு. பன்னிரண்டு பேர் கொண்ட நம்மூர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் இதை அப்படியே இரண்டால் பெருக்கிவிடுவேன். ஒருவர் ஷூ கயிறு கட்டுவார், ஒருவர் ரீல்ஸ் எடுப்பார், ஒருவருக்கு மூச்சு வாங்கும். குழுவின் வேகம் என்பது கடைசியில் வருகிறவரின் வேகம்தான்.

இந்தப் பக்கத்தில் மார்கழி மாதத்தில் மாலை ஆறேகாலுக்குள் சூரியன் போய்விடும். சோலைக்காட்டுக்குள் ஐந்தரைக்கே அந்தி. ஆகவே, 'உச்சியைத் தொடும் நேரம்' என்பதைவிட 'திரும்பும் நேரம்' என்பதைத்தான் கிளம்பும் முன் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். மதியம் ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். உச்சி இன்னும் இருநூறு அடியில் இருந்தாலும் சரி. அந்த இருநூறு அடிதான் மனிதனைக் கெடுக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, மறுபடி எப்போது லீவு கிடைக்குமோ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அது யாருடைய குரல் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரிக்குப் போய்ப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, இரவோடு இரவாக ஏழு மலை ஏறி, விடியலில் சுயம்பு லிங்கத்தைக் கும்பிடுகிற கூட்டம். 2024 பருவத்தில் மட்டும் ஏறும் வழியில் அடுத்தடுத்துப் பலர் மயங்கி விழுந்து இறந்தார்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றே பெரும்பாலான செய்திகள் சொல்லின. வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, பகல் முழுக்கப் பயணம், அரைகுறைச் சாப்பாடு, தூக்கமில்லாமல் நள்ளிரவில் செங்குத்துப் படிகள், வியர்த்து நனைந்த உடம்பில் உச்சிக் காற்று. இதயத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சையை எந்த ஆஸ்பத்திரி டிரெட்மில்லிலும் வைப்பதில்லை. ரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே அறிவிக்கிறார்கள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தாலும், "சாமி பார்த்துக்கும்" என்று ஏறிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்வியர்வை, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும், சத்தம் போட வேண்டும். கூட வருகிறவர்களுக்குத் தொந்தரவு என்று வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்துப் படி ஏறுவதுதான் ஆளைக் கொல்கிறது. மலைக்கு ஆறு வாரம் முன்பிருந்தே தினமும் வீட்டு மாடிப்படியை அரை மணி நேரம் ஏறி இறங்கினால் போதும். உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பையில் என்ன இருக்கிறது

பை கனக்கக் கூடாது என்று தண்ணீரைக் குறைப்பார்கள். பிறகு கேமராவுக்கு மூன்று லென்ஸ் எடுப்பார்கள். ஒரு நாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்பது மூன்று கிலோ. அதில் பேரம் பேச முடியாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வியர்த்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது வீட்டிலேயே கலக்க இதுதான் அளவு. உப்பு கூடிவிடக் கூடாது. சாப்பாட்டுக்கு வெளிநாட்டு எனர்ஜி பார் எல்லாம் தேவையில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாயைவிட எடை குறைவாக, சத்து அதிகமாக, வெயிலில் கெடாமல், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மலை உணவு எனக்குத் தெரிந்து இல்லை.

தனியாக ஒரு டார்ச், நெற்றியில் கட்டுகிற வகையென்றால் உத்தமம். போன் வெளிச்சத்தில் இறங்குகிறவர், உதவிக்குக் கூப்பிட வேண்டிய ஒரே கருவியைத்தான் எரித்துத் தீர்க்கிறார். ஒரு விசில்: ஐந்து ரூபாய்ப் பிளாஸ்டிக் விசில் போதும். தொண்டை கால் மணி நேரத்தில் கட்டிவிடும், விசில் கட்டாது. ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலையில் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது அபாய அடையாளம். நம் மலைகளில் அந்த இலக்கணம் யாருக்கும் தெரியாது என்றாலும், ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒலி மனிதனுடையது என்று எந்த வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் புரியும்.

அப்புறம் குளிர். குளிரால் சாக முடியும் என்பதைத் தமிழர்கள் நம்புவதே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். போடியில் 30 டிகிரி இருக்கும்போது இரண்டாயிரம் மீட்டர் மேலே 17, 18தான். இதில் மழை, அதன் பின்னால் காற்று. நனைந்த பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பனி விழ வேண்டியதில்லை; பத்து டிகிரியில் நனைந்து நிற்கிற ஆளுக்கே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதலில் நடுக்கம். பிறகு நாக்குக் குழறும், சட்டைப் பொத்தான் போட விரல் வராது, எரிந்து விழுவார். அடுத்து நடுக்கம் நின்றுவிடும். "இப்போ பரவாயில்லை" என்று அவர் சொல்வார். நிலைமை முற்றிவிட்டது என்பதற்கு அடையாளமே அதுதான். ஈர உடையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, காற்றிலிருந்து மறைத்து, தரைக்கும் உடம்புக்கும் நடுவில் எதையாவது விரித்து, நினைவோடு இருந்தால் சூடாக இனிப்பான எதையாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். பிராந்தி கூடாது. அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடு போல ஏமாற்றி, உள்ளே இருக்கிற சூட்டை வெளியேற்றிவிடும். அதனால்தான் ஒரு மாற்றுச் சட்டையும், ஒரு குப்பைப் பை அளவு பெரிய பிளாஸ்டிக் உறையும் என் பையில் எப்போதும் இருக்கும். பத்து வருடத்தில் அந்த உறையை இரண்டே முறைதான் பிரித்திருக்கிறேன்.

சிக்னல் தேடிப் போகாதீர்கள்

வழி தவறுவது பெரும்பாலும் சிறுநீர் கழிக்கப் போன இடத்தில்தான் தொடங்குகிறது. கூச்சத்தில் நான்கு மரம் தள்ளிப் போவோம், திரும்பிப் பார்த்தால் எல்லா மரமும் ஒன்று போல இருக்கும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் 2013இல் ஒரு பெண்மணி அப்படித்தான் பாதையை விட்டு விலகினார். கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் எதுவும் போய்ச் சேரவில்லை. சிக்னல் கிடைக்கும் என்று மேட்டை நோக்கி மேலும் மேலும் ஏறினார்; பாதையிலிருந்து மேலும் மேலும் தள்ளிப் போனார். கூடாரம் போட்டு வாரக்கணக்கில் உயிரோடு காத்திருந்தார் என்பதை அவருடைய குறிப்பேடு பிறகு சொன்னது. 2015இல்தான் அவருடைய எச்சங்களைக் கண்டெடுத்தார்கள், பாதையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டருக்குள்.

பாதை காணாமல் போய்விட்டது என்று தோன்றிய அந்த நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கடைசியாகத் தெரிந்த இடம் பின்னால் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் வந்த தடத்திலேயே திரும்பலாம். "ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். சமவெளிக்கு அது சரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடை என்பது வழுக்குப்பாறை, அடுத்து அருவி, அதற்குக் கீழே தண்ணீருக்கு வரும் யானை. ஓடையைப் பிடித்து இறங்கினால் இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நடுப்பாறையில் நிற்போம்.

2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே ஓர் இளைஞர் அப்படித்தான் செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கினார். சோறு தண்ணீர் இல்லாமல் நாற்பது மணி நேரத்துக்கும் மேல். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தும் நெருங்க முடியாமல் திரும்பியது. கடைசியில் வெலிங்டனிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கித்தான் மேலே தூக்கினார்கள். அவர் பிழைத்ததற்கு ஒரு காரணம், இருந்த இடத்தை விட்டு நகராமல் இருந்தது. இன்னொன்று, போன் உயிரோடு இருந்தபோதே தகவல் சொல்லிவிட்டது. மலையடிவாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கியதும் நான் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவேன். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். 112 என்ற எண், எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும்.

இதையெல்லாம்விட மலிவான ஏற்பாடு ஒன்று உண்டு. வீட்டில் ஒருவரிடம், எந்த மலை, எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. "ராத்திரி ஒன்பது வரை போன் வரலைன்னா இந்த வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லு" என்று ஒரு வரி. அம்மா கவலைப்படுவாள் என்று சொல்லாமல் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆபீசுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு மலையில் நின்ற ஒருவரையும் தெரியும். அவரைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே வழியில்லை.

கடிப்பவை

அட்டை கடித்தால் ஒன்றும் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வழியும், அவ்வளவுதான்.

பாம்பு விஷயத்தில் சினிமா நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை உடனே கழற்ற வேண்டும். வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் ஆனது. மலைச்சோலைகளில் வாழும் குழிவிரியன்களும் ராஜநாகமும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே, அங்கே கை வைக்கிற கிளையையும் கால் வைக்கிற கல்லையும் பார்த்து வைப்பதுதான் முதல் மருந்து.

மலைத்தேனீயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாறை முகட்டில் பெரிய பெரிய அடைகளாகத் தொங்கும். சென்ட் வாசனை, புகை, கல்லெறி எதற்கும் கூட்டமாக எழும். யானையிடமிருந்து தப்பித்த வழிகாட்டிகள்கூடத் தேனீ என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

கடைசியாக ஒன்று, வீடு வரை வருவது. புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் கடியால் பரவுகிறது உண்ணிக் காய்ச்சல். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும். இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். தகுந்த ஆன்டிபயாடிக் கொடுத்தால் சட்டென்று அடங்கும், விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். டாக்டரிடம் "மலைக்குப் போயிருந்தேன்" என்று சொல்ல மறப்பதுதான் பிரச்சினை. அதற்குள் நாம் இரண்டு திங்கட்கிழமைகளைக் கடந்திருப்போம்.

ஐப்பசியில் ஓர் ஓடை

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த ஓடை வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் வெள்ளம் இறங்கியதில் ஒரு சிறுவன் இறந்தான். இந்த வெள்ளங்கள் நாம் நிற்கிற இடத்து மழையால் வருவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம், நம் கண்ணுக்குத் தெரியாத உச்சியில் பெய்தது இங்கே வந்து சேருகிறது. தண்ணீர் கலங்கல் நிறமாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சலின் சுருதி இறங்குவது, இதில் எதைக் கண்டாலும் கரையேறிவிட வேண்டும். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் ஓர் ஆளைச் சாய்க்கப் போதும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பளியர் பெரியவர். பல வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசி ஞாயிறு. கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவில் ஏழு பேர் ஏறிக்கொண்டிருந்தோம். காலையில் ஓர் ஓடையைத் தாண்டினோம். கணுக்கால் தண்ணீர், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பதினொன்றரை மணிக்குப் பெரியவர் நின்றார். வானம் எங்கள் தலைக்கு மேல் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

"இன்னைக்கு இம்புட்டுத்தான் தம்பி. எறங்குவோம்."

எங்களில் ஒருவர் கூகுளைக் காட்டினார், மழை வாய்ப்பு இருபது சதவீதம்தான் என்று. இன்னொருவர் ராத்திரி பஸ் டிக்கெட்டைக் காட்டினார். உச்சிக்குப் போய்விட்டு வந்தாலும் பிடித்துவிடலாமாம். நான் கூடுதலாகப் பணம் தருகிறேன் என்றேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் பதில் பேசவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். வழி தெரிந்த ஒரே ஆள் அவர். வேறு வழியில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம்.

ஓடைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டது, டீ நிறத்தில். பெரியவர் பைகளின் இடுப்புப் பட்டையை அவிழ்க்கச் சொன்னார். விழுந்தால் பையை உதறிவிட்டு நீந்தலாம் என்று. தடியை மேல்நீரில் ஊன்றி, எங்களை ஒருவர் தோளை ஒருவர் பிடிக்கச் சொல்லிக் கரையேற்றினார். அக்கரையில் உட்கார்ந்து ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தோம். அப்போதும் எங்களுக்கு மேலே ஒரு சொட்டு மழை இல்லை. சற்று நேரத்தில், நாங்கள் தாண்டிய இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போயிற்று.

யாரும் பேசவில்லை. நான்தான் கடைசியில் அவரிடம், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். காற்றா, மேகமா, ஏதாவது பறவைச் சத்தமா என்று பத்திரிகைக்காரப் புத்தியோடு துருவினேன். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு யோசித்தார்.

"மேக்க லேசாக் கருத்துச்சு. வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது" என்றார். "ஒங்களுக்கு நாளைக்கு ஆபீசு தம்பி. எனக்கு நாளைக்கும் இதே மலதான."